வலப்பக்கம் மட்டும் பார்த்த கேமரா

சிட்டு இந்தப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம், இது புத்தகப் படிப்பு என்று அவள் நம்பியதுதான். 'உடல் இயக்கவியல் – அறிமுகம்' என்று பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் போட்டிருந்தது. மனிதன் எப்படி நிற்கிறான், எப்படி நடக்கிறான், எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் படித்து, உட்கார்ந்த இடத்திலேயே பரீட்சை எழுதிவிட்டு வந்துவிடலாம் என்பது அவள் போட்ட கணக்கு. அதோடு, நடக்கிற விஷயத்தில் அந்த வகுப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இருக்க நியாயமில்லை. மற்றவர்கள் குழந்தையில் ஒருமுறை நடக்கப் பழகியதோடு சரி. சிட்டு இரண்டாவது முறையும் பழகியவள்.

ஏழு வயதில் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்ததில் இடது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கூடின கால், வலது காலுக்குச் சமமாக வளர மனமில்லாமல் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பின்தங்கி நின்றுவிட்டது. டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவால் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. மாடியில் துணி உலர்த்தப் போன அவசரத்தில் குழந்தையைப் படியில் விட்டது தான்தானே என்கிற நினைப்பு அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு: "நேரா நட."

ஹாலில் தரைக்கற்களின் கோடு ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும். அந்த முனையில் அலமாரிக் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் நடக்க வேண்டும். தோள் ஏறி இறங்கக் கூடாது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுதான் வேலை. வலது முழங்காலைத் துளி மடக்கியே வைத்துக்கொண்டு, இடது குதிகாலைத் தரையில் முழுக்கப் பதிக்காமல் நடந்தால் தோள் அசைவதில்லை என்பதை ஒரு நாள் சிட்டுவே கண்டுபிடித்தாள். அம்மா கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். குதிகாலை உயர்த்திக் கட்டைச் செருப்பு போடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "எதுக்கு? பாக்கிறவங்களுக்கெல்லாம் நாமளே தண்டோரா போடவா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்பா தையல்காரர். இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறந்ததே கிடையாது. மகளுக்குத் தைக்கிற ஒவ்வொரு பேன்ட்டிலும் இடது காலை முக்கால் இஞ்ச் ஏற்றி மடித்துத் தைத்துவிடுவார், அவ்வளவுதான். சும்மா நிற்கும்போது அவளுக்கு இடுப்பு இடப்பக்கம் இறங்கும். விளிம்பு தரையில் இழுபடக் கூடாதே. சிட்டு என்ற செல்லப்பெயரும் அப்பா வைத்ததுதான். விழுந்த பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சிட்டுக்குருவி தத்தித் தத்தித்தான் போகும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இப்படி வளர்ந்த பெண், விடுதியில் தங்கிப் படிக்க வந்த இடத்தில், முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டாள்.

பாடம் எடுக்கிற மேடம் குட்டையாக வெட்டிய நரைமுடியும் படபடவென்ற பேச்சுமாக உள்ளே வந்தார். வந்ததும் முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "எப்படி வந்தீங்க?"

"பஸ்ல, மேடம்."

"பஸ்லேர்ந்து இந்த ரூம் வரைக்கும்?"

"நடந்து."

"அதான், எப்படி நடந்தீங்க? எந்தக் கால் முதல்ல? எந்த நேரத்துல முட்டி மடங்குச்சு? கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

வகுப்பு விழித்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "கை மொபைல நோண்டிட்டு இருந்துச்சு மேடம்," என்றாள். அவளுக்கு இயல்பாகவே நாலு பேர் குரல். அன்றைக்கே அவளுக்கு மைக்செட் என்று பெயர் விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா, இத்தனை வருஷமா பண்ற வேலை, எப்படிப் பண்றோம்னு ஒருத்தருக்கும் தெரியலை," என்றார் மேடம். சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் கேட்டிருந்தால் மணி அடிக்கிறவரை சொல்லியிருப்பாள்.

"முதல் மாசம் யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. திறந்தா அதுல இருக்கிற படத்தைத்தான் பாப்பீங்க, ஆளைப் பாக்க மாட்டீங்க. முதல்ல கண்ணு பழகட்டும். நாளைக்கு ஆய்வகம். முழங்கால் தெரியிற மாதிரி டிரஸ், வெறுங்கால்."

வெறுங்கால் என்றதும் சிட்டு தன் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அன்று மாலை அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். மற்ற பாடங்களில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆய்வகம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நீளமான அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க இரும்பு பீரோக்கள் வரிசையாக நின்றன. அதனால் கேமராவை வைக்க மறுபக்கம் மட்டும்தான் வாகு. ஆட்கள் கதவிலிருந்து ஜன்னலை நோக்கி நடந்தால் கேமராவுக்கு வலப்பக்கம் தெரியும். இது பல வருடமாக அப்படியே நடந்துவந்த ஏற்பாடு. நடுவில் நீளமாகக் கறுப்புக் காகிதம் விரித்திருந்தார்கள். ஒரு தட்டில் சாக்பீஸ் தூள். காலைத் தூளில் மிதித்துக் காகிதத்தில் நடந்தால் அடிச்சுவடு விழும். அதற்கு முன்னால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எலும்புகளின் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கேமரா படத்தில் அந்த வட்டங்களை இணைத்துக் கோடு போட்டால் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

உட்கார்ந்த வரிசைப்படி ஜோடி சேர்த்ததில் சிட்டுவுக்குக் கிடைத்தவன், பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் இடம்பிடிக்க முயற்சி பண்ணிக்கொண்டிருந்த கோல்கீப்பர். பனைமரம் மாதிரி உயரம், முறம் மாதிரி கை. வலது முழங்காலில் நீளமான தழும்பு. போன வருடம் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆளின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ரொம்பப் பதவிசு.

"பார்ட்னர், சொல்லிட்டுத்தான் தொடுவேன். இப்போ முட்டி. வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டிக்கிட்டு இருக்கும்னாங்க. இதா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்க?"

"ஆங், அதேதான்."

நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏதோ குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி ஒட்டினான். மில்லிமீட்டர் பிசகவில்லை. சிட்டு நடந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கண்ணாடி இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு.

அடுத்த வாரம் மேடம் எல்லார் நடையையும் திரையில் போட்டார். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் தெரியும். யார் யார் என்று தெரியாது. எது பார்க்கச் சீராக இருக்கிறது என்று வகுப்பு கை தூக்க வேண்டும். தேர்வாகும் நடைதான் அந்த மாதத்துக்கு வகுப்பின் அளவுகோல். அதன் படத்தையும் அடிச்சுவட்டையும் சுவரில் மாட்டிவிடுவார்கள். அதனோடு மற்றவர்கள் தங்கள் நடையை ஒப்பிட்டு எழுத வேண்டும்.

ஒரு ஜோடிக் கால் திரையில் வந்ததும், "அய்யோ, இது காலா, கடிகாரமா!" என்று மைக்செட் கத்தினாள். வகுப்பே கை தூக்கியது. அது சிட்டுவின் நடை என்று மேடம் அறிவித்தார். அடிச்சுவட்டை அளந்தார்கள். இடது எட்டும் வலது எட்டும் ஒன்றை எடுத்து ஒன்றின் மேல் வைத்தாற்போல் இருந்தன. இடது குதிகால் தடம் மட்டும் மங்கலாக இருந்தது. தூள் சரியாக ஒட்டவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மேடம் திரையருகே போய் உற்றுப் பார்த்தார். "முட்டி மட்டும் கொஞ்சம் மடங்கியே இருக்கிற மாதிரி காட்டுதே. யார் ஸ்டிக்கர் ஒட்டினது?"

கோல்கீப்பர் கையைத் தூக்கினான்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி ஒட்டிட்டீங்க. பரவாயில்லை, முதல் தடவை எல்லாரும் பண்றதுதான்."

"இல்ல மேடம், சரியாத்தான்..."

"பந்து பிடிக்கிற கைக்கு ஸ்டிக்கர் எல்லாம் எம்மாத்திரம்!" என்று மைக்செட் எடுத்துக் கொடுக்க, வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்துவிட்டது. ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் சிட்டு. அவள் தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை அம்மாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "என் கண்ணே! அத்தனை பேர்லயும் உன் நடையா! நான் சொன்னேன்ல? நேரா நடன்னு நான் கத்தினது வீண் போகலை பாத்தியா?" அம்மா அவ்வளவு நிம்மதியாகப் பேசி சிட்டு கேட்டதே இல்லை. வழக்கம்போல அன்றைக்கும் வலது முட்டி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதை எப்போதும் சொன்னதில்லை. அன்றைக்கா சொல்வாள்?

அப்புறம் நடந்ததுதான் கூத்து. முதல் வருட மாணவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும், பார்க்கிறவர்களையெல்லாம் நோயாளியாக்கிவிடுவார்கள். கேன்டீன் வரிசையில், நூலகப் படியில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு இடுப்பு ஆடுது." "உனக்கு மட்டும் என்ன, முட்டி கம்பி மாதிரி நிக்குது. அளவுகோலைப் பாரு, எவ்வளவு மென்மையா மடங்குது!" சிட்டுவுக்கே அளவுகோல் என்று பெயராகிவிட்டது. கீழ்த்தள நடைபாதையில் சிலர் அவளைப் போல நடந்து பழகவும் ஆரம்பித்தார்கள். வலது முட்டியை மடக்கிக்கொண்டு, பூனை மாதிரி.

கோல்கீப்பர் தன் படத்தை அவள் படத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறான். அவன் முட்டி அவளுடையதைவிட நன்றாகவே நிமிர்ந்து நின்றது. ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தது ஒன்றே ஒன்று: முட்டி அளவுக்கு மீறிப் பின்னால் போகிற மாதிரி இருந்தால் உடனே வந்துவிடு. போதாதா?

வியாழக்கிழமை அவன் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி இழுத்து இழுத்து நடந்து வந்தான்.

"என்ன கீப்பர், அடிபட்டுச்சா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பார்ட்னர், உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். என் முட்டி போச்சு. உன் படத்தோட வெச்சுப் பாத்தேன், பின்னால போகுது. நாலு நாளா மடக்கி மடக்கி நடந்து பாக்கிறேன், சரியாகலை. நேத்து பிராக்டிஸ்ல பந்து வருது, நான் முட்டியப் பாக்கிறேன். கைக்குள்ள வந்த பந்து, கால் நடுவுல போயிடுச்சு. கோச் என்ன திட்டு திட்டினாருங்கிற?"

"மேடம்கிட்டக் கேக்கலாமே?"

"கேட்டா அவங்க கோச்சுக்கு எழுதியே ஆகணும். ரூல் அப்படி. எழுதினா டாக்டர் சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் மைதானத்துல காலே வைக்க முடியாது. சனிக்கிழமை அணி எடுக்கிறாங்க. போன வருஷம் படுக்கையில கிடந்தேன். இந்த வருஷமும் போனா, அப்புறம் யாரு என்னைக் கூப்பிடப் போறா? நானே இன்னைக்கு கோச்சைப் பாத்து, வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். மறுபடி அறுந்து தொலைஞ்சா, நடக்கிறதும் போயிடும்."

சிட்டு அவன் முட்டித் தழும்பைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாத முட்டிக்காக ஒருத்தன் தன் இடத்தை விட்டுக்கொடுக்கப் போகிறான். அவன் அளந்து பார்த்த கோலே கோணல் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சாயங்காலம் மைதானத்துக்கு வரேன். அதுக்கு முன்னாடி கோச்சைப் பாத்துத் தொலைக்காதே," என்றாள்.

மைதானத்தின் ஓரத்தில், வலை கழற்றிய கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் யாரோ ஓட்டப் பயிற்சி பண்ணிக்கொண்டிருந்தார்கள். சிட்டு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "உன் முட்டி நல்லாத்தான் இருக்கு. என் கால்தான் சரியில்லை. எனக்கு இடது கால் குட்டை. அது தெரியாம இருக்கத்தான் வலது முட்டிய மடக்கி நடக்கிறேன்."

அவன் ஒரு புல்லைப் பிய்த்து எறிந்தான். அப்புறம் பெருமூச்சு விட்டான். "ஆறுதல் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு பார்ட்னர். ஊரே உன் நடையப் பாத்து நடக்குது."

"பொய் சொல்லலைப்பா!"

"அப்போ உண்மையான நடைய நடந்து காட்டு."

சிட்டு எழுந்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். புல்லில் நடந்தாள். நேராக நடந்தாள். திரும்பி வந்து மறுபடி நடந்தாள். உடம்பு கேட்கவே இல்லை. கோடும் கண்ணாடியும் உள்ளேயே இருந்தன. வேண்டுமென்று தோளைச் சாய்த்துப் பார்த்தாள்; அது நாடகத்தில் கிழவி வேஷம் கட்டினவள் நடக்கிற மாதிரி இருந்தது. அவன் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டான். "விட்டுடு, நடிப்பு உனக்கு வரலை."

எந்தக் காலை ஒளித்தாளோ அந்தக் காலைக் காட்டவேண்டிய நேரத்தில் காட்ட முடியவில்லை. சிட்டுவுக்கு அழுகை முட்டியது. பையைத் துழாவினாள். அப்பா தந்து அனுப்பிய இஞ்ச் டேப் கைக்குச் சிக்கியது.

"போன வாரம் எலும்புக்கூட்டுல காட்டினாங்கல்ல, கால் நீளம் அளக்கிறது? அள." மல்லாக்கப் படுத்துக் கால்களை நேராக நீட்டினாள். "இடுப்பு எலும்புல மேல் நுனிய நான் பிடிச்சுக்கிறேன். உள் கணுக்கால் எலும்புல நீ பிடி."

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து வலது காலை அளந்தான். இடது காலை அளந்தான். டேப்பைப் பார்த்தான். "தப்பா பிடிச்சுட்டேன் போல. எனக்குத்தான் எலும்பே கண்டுபிடிக்க வராதே." மறுபடி அளந்தான். மறுபடியும் இடது கால் அதே முக்கால் இஞ்ச் குறைவு.

"சரியாத்தான் பிடிச்சிருக்க," என்றாள் சிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்கு ஸ்டிக்கரும் சரியாத்தான் ஒட்டின."

அவன் டேப்பைக் கீழே போட்டான். முகத்தில் முதலில் வந்தது நிம்மதியில்லை, கோபம். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? அத்தனை பேர் முன்னாடி பல்லைக் காட்டிட்டு நின்னேன். அப்புறம் எத்தனை நாளா நொண்டிட்டு அலையிறேன் தெரியுமா?" சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த வார்த்தை சிட்டுவின் வீட்டில் புழங்காத வார்த்தை. ஒற்றைக் காலில் குதிக்கிற விளையாட்டுக்குக்கூட அங்கே பெயர் கிடையாது. இப்போது அது பட்டென்று காதில் விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. படுத்தபடியே சிரித்தாள். "நான் நொண்டலை, நீ நொண்டுற!" அவனுக்கும் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள்.

எழுந்து போகும்போது அவன் முட்டி கம்பி மாதிரி நேராக நின்றது. கொஞ்ச தூரம் போனவன் திரும்பி, "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் பார்ட்னர்," என்றான். சொன்னால் செய்கிறவன். ஆக, விஷயம் அதோடு முடிந்துவிட்டது. அவன் முட்டியும் பிழைத்தது, அவள் ரகசியமும் பிழைத்தது. ஸ்டிக்கர் தப்பு என்ற பழி மட்டும் அவன் தலையில் மிச்சம் இருந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும்போது சிட்டு தன்னைத் தானே இப்படித்தான் சமாதானம் செய்துகொண்டாள்.

கீழ்த்தளத்தில் மைக்செட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னும் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார்கள்.

"அளவுகோலே, நீ மனுஷிதானா?" என்று கேட்டாள் மைக்செட். "மூணு நாளா உன்னை மாதிரி நடந்து பாத்தேன். முட்டி கழண்டு கையில வந்துடும் போல இருக்கு. எப்படித்தான் நாள் பூரா இப்படி நடக்கிற? உனக்கு வலிக்காதா?"

மேடம் சாவியோடு கதவைத் திறந்துகொண்டிருந்தார். கோல்கீப்பர் சட்டென்று நடுவில் புகுந்து, "ஏய், வழிய விடுப்பா, உள்ள போகட்டும்," என்றான்.

ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. இத்தனை வருடத்தில் நேராக நடக்கிறாயா என்று கேட்டவர்கள் உண்டு. வலிக்காதா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு யாருக்குத் தெரியும்?

"வலிக்கும்," என்றாள் சிட்டு.

சின்னக் குரல்தான். ஆனால் முட்டியை நீவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தினம் சாயங்காலம் வலிக்கும். இடுப்பும் வலிக்கும். எனக்கு ஒரு கால் குட்டை. அது தெரியாம இருக்க இப்படி நடக்கப் பழகினேன். இதைப் பாத்து நீங்க யாரும் நடக்காதீங்க. கீப்பர் ஸ்டிக்கரைச் சரியாத்தான் ஒட்டினான், மேடம். மடங்கியிருந்தது என் முட்டி."

மேடம் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். சிட்டுவைப் பார்த்தார், அவள் காலைப் பார்க்கவில்லை. அப்புறம் கோல்கீப்பரிடம் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க. படத்துல முட்டி மடங்கியிருந்தது எனக்குத் தெரிஞ்சுது. ஆளைக் கேக்காம ஸ்டிக்கரைச் சந்தேகப்பட்டுட்டேன். கண்ணு பழகட்டும்னு உங்களுக்குச் சொல்லிட்டு நான்தான் பழகலை."

மைக்செட் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "என்னடி இது, மொதல்லயே சொல்லக் கூடாதா... நான் வேற கடிகாரம் அது இதுன்னு..." என்று சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவர்ல இருக்கிறதைக் கழட்டிடட்டுமா?" என்று மேடம் கேட்டார். "உங்க விருப்பம்தான்."

சிட்டு யோசித்தாள். "இருக்கட்டும் மேடம். இடப்பக்கமும் எடுத்துப் பக்கத்துல மாட்டலாம்."

திருப்பி நடக்கவிட்டாலே இடப்பக்கம் தெரியும்தான்; ஆனால் ஒரே நடையில் இரண்டு பக்கமும் விழ வேண்டும் என்றார் மேடம். அதற்கு பீரோவை நகர்த்த வேண்டும். அந்த பீரோக்கள் வைத்த நாளிலிருந்து நகர்ந்ததில்லை. வகுப்பே ஒரு பக்கம் நின்று தள்ளியது. "தள்ளு தள்ளு, முட்டிய நிமித்தித் தள்ளு!" என்று மைக்செட் குரல் திரும்பிவிட்டது. பின்னாலிருந்து தூசியும், யாரோ எப்போதோ தொலைத்த பிளாஸ்டிக் எலும்பு ஒன்றும் வெளியே வந்தன. கிடைத்த சந்தில் இன்னொரு கேமராவை வைத்தார்கள். ஸ்டிக்கரை ஒட்டினவன் கோல்கீப்பர்தான். இந்த முறை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சிட்டு தூளை மிதித்து நடந்தாள். பழைய நடையேதான் வந்தது. "எனக்கு வர மாட்டேங்குது மேடம். மறந்து போச்சு."

"நீங்க எதையும் நினைவுபடுத்த வேண்டாம்மா. வலது முட்டிய மட்டும் நிமித்துங்க. மத்ததை விட்டுடுங்க. அது பாத்துக்கும்."

வலது முட்டியை நிமிர்த்தினாள். உடம்பு அந்தப் பக்கம் உயர்ந்தது. அடுத்த எட்டுக்கு இடது கால் கீழே போய்க்கொண்டே இருந்தது. பாதாளத்துக்கே போய்விடும் போலிருந்தது. அப்புறம் தரை வந்தது. தோள் இறங்கியது, ஏறியது, இறங்கியது. ஜன்னல்வரை போனாள். யாரும் கை தட்டவில்லை, உச்சுக் கொட்டவுமில்லை. தடத்தின் மேல் குனிந்து அளந்துகொண்டிருந்தார்கள். எட்டுகள் சமமாக இல்லை. ஆனால் கறுப்புக் காகிதத்தில் முதல்முறையாக இடது குதிகால் முழுசாக வெள்ளையாக விழுந்திருந்தது.

பல்கலைக்கழக மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். செருப்புக்குள் வைக்கிற மெத்தைதான், வெளியே தெரியாது, தெரிந்தாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார்.

சனிக்கிழமை கோல்கீப்பர் இரண்டு பந்தை விட்டான், நிறையப் பந்தைப் பிடித்தான். இரண்டாவது கீப்பராக எடுத்துக்கொண்டார்கள். "பெஞ்சுதான். ஆனா நிமிந்து உக்காருவேன்," என்றான்.

அன்று மாலை சிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினாள். அம்மா எடுத்ததும், "என்ன, அளவுகோல் அம்மா! காலேஜ் எப்படி?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லைதான். ஆனாலும் நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசவில்லை. வகுப்புக்கே தெரிந்துவிட்டது என்று சொன்னபோதும் பேசவில்லை. கடைசியில் கேட்டது வேறு.

"வலிச்சுதா?"

"ம்."

"எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா," என்றாள் சிட்டு. அம்மாவுக்கு அது போதும்.

"நான் கையத் தட்டினப்போவும் வலிச்சுதா?"

"அம்மா, அழாதம்மா. நானும்தான் சொல்லலை."

"நான்தான் கேக்கலையே, சிட்டு." அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று! அம்மா விசும்பினாள். போன் கை மாறியது. தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அப்பா ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"மெத்தை வெக்கிறாங்களா கண்ணு?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. அடுத்த வாரம்."

"எவ்வளவு உசரம்னு கேட்டுச் சொல்லு. இடுப்பு மட்டத்துக்கு வந்துட்டா, பேன்ட்டு இடது கால் ஏறி நிக்கும்."

"எல்லாப் பேன்ட்டையும் புதுசா தைக்கணுமாப்பா?"

"எதுக்கு? நான் ஒண்ணுலயும் துணிய வெட்டலையே. உள்ளதான் மடிச்சு வெச்சிருக்கேன். லீவுக்கு வரும்போது எல்லாத்தையும் எடுத்துட்டு வா. பிரிச்சு இறக்கிடலாம்."